ஆற்று மீனைக் காக்கும் செலவு யார் தலையில்? கொலராடோ ஆற்றுக் கணக்கு

ஓடைக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்ச நாளாக ஒரு கேள்வி மனதைக் குடைந்துகொண்டிருக்கிறது. தண்ணீர்ப் பங்கீடு தெரிந்தவர்கள் சிலர் இங்கே இருப்பதால் கேட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவின் மேற்கே ஓடும் கொலராடோ ஆற்றை ஏறத்தாழ 4 கோடிப் பேர் நம்பியிருக்கிறார்கள். ஏழு மாநிலங்கள், அப்புறம் மெக்சிகோ. அணைகளும் வாய்க்கால்களும் மலையைக் குடைந்து மறுபக்கம் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கங்களும் வந்தபின், அந்த ஆற்றுப் படுகையில் மட்டுமே வாழ்ந்த நான்கு பெரிய மீன்கள் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டன: கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர், போனிடெயில், ஹம்ப்பேக் சப். 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் இவற்றைக் காத்தே ஆக வேண்டும் என்கிறது.

காப்பதென்றால் கரையில் நிலம் வேண்டும், ஆற்றில் தண்ணீர் விட வேண்டும், அணையைத் தாண்டிப் போக மீன் ஏணி கட்ட வேண்டும். எல்லாமே பணம். ஒரே ஆற்றில் தண்ணீர் எடுப்பவர்கள் இந்தச் செலவை எந்தக் கணக்கில் பிரித்துக்கொள்வது நியாயம்? எடுக்கும் தண்ணீரின் அளவுப்படியா? கையில் காசு உள்ளவர் கூடுதலாகவா? கடைசியாக வந்தவர் தலையிலா? இல்லை, மீன் நாட்டுக்கே சொந்தம் என்று வரிப்பணத்திலிருந்தா? எனக்கு முதல் வழிதான் நேர்மையாகத் தெரிகிறது. எடுத்த அளவுக்குக் கொடு. இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஓடைக்கரை, நல்ல கேள்வி. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு பங்கீடு நடைமுறையில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் உங்கள் "எடுத்த அளவுக்குக் கொடு" எவ்வளவு தூரம் நிற்கிறது என்று தெரியும்.

ஹூவர் அணை தேக்கும் மீட் ஏரியிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ஒரு வாழிடப் பாதுகாப்புத் திட்டம் 2005-இல் தொடங்கியது. 50 வருடத் திட்டம். 2003 விலைவாசிப்படி 62.6 கோடி டாலர், பணவீக்கத்துக்கு ஏற்ப ஏறும். பாதி மத்திய அரசு. மீதிப் பாதியை மூன்று மாநிலத் தண்ணீர், மின்சாரப் பயனாளிகள் பிரித்துக்கொள்கிறார்கள்: கலிபோர்னியாவுக்கு அதில் பாதி, அரிசோனாவுக்குக் கால், நெவாடாவுக்குக் கால்.

இனி தண்ணீரைப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி, ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர்.) கலிபோர்னியா 44 லட்சம், அரிசோனா 28 லட்சம், நெவாடா வெறும் 3 லட்சம். அதாவது நெவாடாவின் தண்ணீர்ப் பங்கு 4 சதவீதம். மாநிலங்கள் ஏற்ற செலவிலோ அதன் பங்கு 25 சதவீதம்.

ஏக்கர்-அடிக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்குப் போட்டேன். 2003 விலையில், 50 வருடத்துக்குச் சமமாகப் பரப்பினால், கலிபோர்னியாவுக்கு வருடத்துக்கு ஏக்கர்-அடிக்கு சுமார் 71 சென்ட். அரிசோனாவுக்கு 56 சென்ட். நெவாடாவுக்கு 5 டாலரைத் தாண்டுகிறது! ஒரே ஆறு, ஒரே மீன், விலையில் ஏழு முதல் ஒன்பது மடங்கு வித்தியாசம்.

ஆனால் நெவாடாவுக்கு அது அநியாயமாகத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். அங்கே அந்தத் தண்ணீரைக் குடிப்பது லாஸ் வேகஸ். அந்த ஊரின் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஆற்றிலிருந்துதான். ஹூவர் அணை மின்சாரத்திலும் அந்த மாநிலத்துக்குப் பங்கு உண்டு. மீன் வழக்கில் ஒரு நீதிபதி "நிறுத்து" என்றால் அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலையாகப் பார்த்தால் 5 டாலர் மலிவு.

அதனால், அளவு மட்டும் அளவுகோல் ஆகாது என்பது என் கட்சி. தண்ணீர் நின்றுபோனால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வரப்போரம் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கணக்கு சரி. ஆனால் நஷ்டத்தைப் பார்த்துப் பங்கு போட்டால் விவசாயி மாட்டிக்கொள்வார். தண்ணீர் நின்றால் நகரத்துக்கு இன்னொரு வழி எப்படியாவது கிடைக்கும், விலை கொடுத்து வாங்குவார்கள். விவசாயிக்கு அந்த வருடமே போய்விடும்.

கிளாமத் படுகையில் 2001-இல் நடந்ததை மறக்கக் கூடாது. ஓரிகன், கலிபோர்னியா எல்லையில் இருக்கிறது. கடும் வறட்சி. ஏரியில் இரண்டு வகை சக்கர் மீன், கீழே ஆற்றில் கோஹோ சால்மன், இவற்றுக்காக அந்த ஏப்ரலில் பெரும்பாலான பாசன நிலங்களுக்குத் தண்ணீர் கிடையாது என்று அறிவித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள். விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்துவிட்டு நிற்கிறவரிடம் மதகு திறக்காது என்று சொன்னால் எப்படி இருக்கும்? கோடையில் கோபம் முற்றி ஜனங்களே மதகைத் திறந்தார்கள். அடுத்த வருடம் பாசனத்துக்குத் தண்ணீர் போனது. 2002 செப்டம்பரில் கீழே ஆற்றில் 30,000-க்கு மேல் சால்மன் செத்து மிதந்தன. அந்த மீனை நம்பி வாழ்ந்த யூரோக் பழங்குடி மக்களுக்கு அது எப்பேர்ப்பட்ட துக்கம்!

அங்கே செலவைப் பிரிக்கவே இல்லை. ஒரு வருடம் மொத்தமும் விவசாயி தலையில், அடுத்த வருடம் மொத்தமும் மீன் தலையிலும் மீனவர் தலையிலும். பங்கு பேசாமல் விட்டால் இதுதான் நடக்கும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். எந்த அளவுகோல் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

மீன்கொத்தி எழுதியது:

வரப்போரம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் எல்லோரும் இன்றைய பயனாளிகளை மட்டுமே வைத்துப் பேசுகிறோம். இந்த மீன்கள் இந்த நிலைக்கு வந்ததில் அரசின் கை என்ன என்று பார்க்க வேண்டாமா?

பைக்மின்னோ என்றால் ஏதோ விரல் நீள மீன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறடி நீளம், 80 பவுண்டு எடை வரை வளர்ந்த மீன். நாற்பது வருடத்துக்கு மேல் வாழும். ஆற்றில் நூற்றுக்கணக்கான மைல் நீந்திப் போய் முட்டையிடும். முதலில் குடியேறியவர்கள் அதை வெள்ளை சால்மன் என்று அழைத்துச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

1962 செப்டம்பரில், ஃபிளேமிங் கார்ஜ் அணை நிரம்புவதற்கு முன், கொலராடோவில் வந்து கலக்கும் கிரீன் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் 400 மைலுக்கு மேல் ரோட்டினோன் விஷத்தை ஊற்றினார்கள். செய்தது அரசுத் துறைகள். எதற்கு? பழைய மீன்களை ஒழித்துவிட்டு, புதிய நீர்த்தேக்கத்தில் தூண்டில்காரர்களுக்காக டிரவுட் விடுவதற்கு. இன்று கோடிகள் கொட்டிக் காக்கிற அதே மீன்கள் அன்று "வேண்டாத மீன்" பட்டியலில் இருந்தன. முறிப்பு மருந்து சரியாக வேலை செய்யாமல் விஷம் கீழே டைனோசர் தேசிய நினைவிடத்துக்குள்ளும் போனது.

அணைகளைக் கட்டியதும் அரசு, விஷம் ஊற்றியதும் அரசு, வெளியூர் மீன்களைக் கொண்டுவந்து விட்டதும் பெரும்பாலும் அரசு. ஆகவே பாதிச் செலவை மத்திய அரசு ஏற்பதை நான் மானியமாகப் பார்க்கவில்லை. அது பழைய கடன். அந்தக் கடனை அடைத்த பின்புதான் வாய்க்கால்காரரிடம் கை நீட்ட வேண்டும்.

மடைத்திறப்பு எழுதியது:

தாமதமாக வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சில வருடங்கள் மேற்குக் கொலராடோவில் வாய்க்கால் மதகு வேலையில் இருந்தேன். மேல்படுகையில் இந்தப் பங்கு எப்படி நடக்கிறது என்று கிட்டே நின்று பார்த்திருக்கிறேன்.

பாலிசேட் என்ற ஊரிலிருந்து கன்னிசன் ஆறு வந்து கலக்கும் இடம் வரை 15 மைல் தூரம். பெரிய வாய்க்கால்கள் எல்லாம் அதற்கு மேலே தண்ணீரைத் திருப்பிவிடுவதால் கோடைக் கடைசியில் அந்த 15 மைலில் ஆறு மெலிந்துபோகும். பைக்மின்னோவுக்கும் ரேசர்பேக்குக்கும் அது முக்கியமான இடம். வறண்ட வருடத்திலும் விநாடிக்கு 810 கன அடி ஓட வேண்டும் என்பது மீன் துறையின் பரிந்துரை.

இங்கே 1999-இல் ஒரு ஒப்பந்தம் போல வந்தது. அந்தப் பகுதிக்கு மேலே அதுவரை எடுத்துக்கொண்டிருந்த சுமார் 10 லட்சம் ஏக்கர்-அடிக்கும், இனி வரப்போகும் 1,20,000 ஏக்கர்-அடிக்கும் சேர்த்து சட்டப் பாதுகாப்பு. ஒவ்வொரு வாய்க்காலும் ஒவ்வொரு நகரமும் தனித்தனியாக வழக்கு நடத்த வேண்டாம். பதிலுக்குத் தண்ணீர்ப் பயனாளிகள் வருடத்துக்கு 10,825 ஏக்கர்-அடி தண்ணீரை மீனுக்கென்று விட வேண்டும். அதை மலைக்கு மேற்குப் பக்கத்தார் பாதி, சுரங்கம் வழியாகத் தண்ணீர் எடுக்கும் கிழக்குப் பக்கத்தார் பாதி என்று பிரித்தார்கள். ஆளுக்கு 5,412.5. அந்த அரை ஏக்கர்-அடியைக்கூட விடவில்லை! கிழக்குப் பங்கு இப்போது கிரான்பி நீர்த்தேக்கத்திலிருந்து, மேற்குப் பங்கு ரூடியிலிருந்து வருகிறது.

ஓடைக்கரை, உங்கள் அளவுகோலை இங்கே வைத்தால் பாதிப் பாதி வராது. இரண்டு பக்கமும் எடுக்கிற அளவும் ஒன்றல்ல, எடுக்கிற விதமும் ஒன்றல்ல. மேற்கே எடுப்பதில் ஒரு பகுதி வயலில் பாய்ந்து வடிந்து ஆற்றுக்கே திரும்பும். கிழக்கே போனது திரும்பவே திரும்பாது. இதை எல்லாம் அளந்து முடிக்கப் போயிருந்தால் இன்றும் அளந்துகொண்டிருப்பார்கள். பாதிப் பாதி என்றால் இரு தரப்பும் தன் ஜனங்களிடம் போய் "நாம் ஏமாறவில்லை" என்று சொல்ல முடியும். பேச்சு முடிந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் கருத்து.

அப்புறம், இதில் பணத்தை விட எனக்குப் பிடித்த விஷயம் வாய்க்கால் திருத்தம். எங்கள் பக்கத்துப் பெரிய வாய்க்காலில் முன்பு கடைமடை வரை தண்ணீர் ஏற வேண்டும் என்றால் வாய்க்காலை நிரப்பி ஓட்டியே ஆக வேண்டும். தேவை பாதியாக இருக்கிற நாளிலும் முழு வாய்க்கால் ஓடும், மிச்சம் கடைசியில் வழிந்து போகும். மீன் திட்டப் பணத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே மதகுகள் வைத்தார்கள். மதகு நீர்மட்டத்தை ஏற்றிக் கொடுக்கும், குறைந்த தண்ணீரிலேயே கிளை மடைக்கு ஏறும். விவசாயிக்கு ஒரு சொட்டு குறையவில்லை. மிச்சமான தண்ணீர் மேலே கிரீன் மவுண்டன் நீர்த்தேக்கத்தில் நிற்கும், மீனுக்கு வேண்டிய வாரத்தில் திறக்கலாம். அந்த வேலைக்கு விவசாயி பணம் போட்டிருந்தால் ஊரே எதிர்த்திருக்கும். திட்டம் போட்டது, விவசாயி தன் வாய்க்காலில் கை வைக்க விட்டார். அதுவும் ஒரு பங்குதான்.

ஓடைக்கரை எழுதியது:

மடைத்திறப்பு அண்ணா, அந்த 5,412.5-ஐப் படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். நன்றி. எனக்கு இன்னொரு சந்தேகம். புதிதாகத் தண்ணீர் எடுக்க வருபவரிடம் ஒரே ஒரு முறை கட்டணம் வாங்கும் வழக்கம் அங்கே இருக்கிறது என்று படித்தேன். 1988-இல் திட்டம் தொடங்கியபோது ஏக்கர்-அடிக்கு 10 டாலர், பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஏறுகிறது. ஏற்கனவே எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அது கிடையாது. ஆற்றை வற்றவைத்தது பழையவர்கள். கட்டணம் மட்டும் புதியவருக்கு. இது எப்படி நியாயம்?

மடைத்திறப்பு எழுதியது:

நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே தண்ணீர்ச் சட்டமே "முதலில் எடுத்தவருக்கு முதல் உரிமை" என்பதுதான். நூறு வருடத்துக்கு முந்தைய உரிமைக்காரரிடம் போய்ப் பணம் கேட்டால் அவர் திட்டத்துக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். புதியவரிடமிருந்து வரும் அந்தக் கட்டணத்தால் மட்டும் திட்டம் ஓடவும் இல்லை. 2000-இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நிறைவேற்றிய சட்டத்தில் மேல்படுகைக்கும் சான் ஹுவான் என்ற கிளையாற்றின் படுகைக்கும் சேர்த்துக் கட்டுமானச் செலவு 10 கோடி டாலர் வரை. அதில் மத்திய அரசு 4.6 கோடி, மாநிலங்கள் 1.7 கோடி, நீர்மின் வருவாய் 1.7 கோடி. மீதி, மீனுக்காக மின் உற்பத்தியில் இழந்ததையும் ஒரு நீர்த்தேக்கத்தில் ஒதுக்கிய தண்ணீரையும் பங்காகக் கணக்கில் வைத்தது. மின்சாரம் வாங்குகிற ஊர்கள்தான் சத்தமில்லாமல் பெரிய பங்கைச் சுமக்கின்றன.

பழையவர் பணத்தில் குறைத்துக் கொடுத்தார், தண்ணீரில் கொடுத்தார். புதியவர் பணத்தில் கொடுத்தார், தண்ணீரை எடுத்தார். அப்படித்தான் அது அமைந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதே மாதிரி, பணம் வேறு, நிலம் வேறு, தண்ணீர் வேறு என்று பிரித்த இன்னொரு ஆறு பிளாட். கொலராடோ, வயோமிங், நெப்ராஸ்கா மூன்றும், மத்திய அரசும். 1997-இல் பேச உட்கார்ந்தார்கள், திட்டம் தொடங்கியது 2007 ஜனவரியில். கிட்டத்தட்ட பத்து வருடப் பேச்சு.

நெப்ராஸ்காவின் நடுவில் பிளாட் ஆறு ஒரு காலத்தில் அகன்று, ஆழமில்லாமல், மணல்திட்டுகளாகக் கிடந்தது. ஹூப்பிங் கொக்கு வலசை போகும் வழியில் அந்த ஆழமற்ற தண்ணீரில் நின்றபடி இரவைக் கழிக்கும். நரி நெருங்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்டுவிடும் அல்லவா. மேலே அணைகள் வந்து வெள்ளம் குறைந்ததும் திட்டுகளில் செடி முளைத்தது, மரமானது, ஆறு ஒடுங்கியது. கொக்கு இறங்க இடமில்லை. 1940களின் தொடக்கத்தில் உலகத்திலேயே இருபது சொச்சம் கொக்குகள்தான் மிஞ்சியிருந்தன.

அங்கே முதல் கட்டத்துக்குப் பணம் மட்டும் 18.7 கோடி டாலர். மத்திய அரசு 15.7 கோடி, கொலராடோ 2.4 கோடி, வயோமிங் 60 லட்சம். நெப்ராஸ்கா பணமே போடவில்லை! அது நிலமும் தண்ணீரும் கொடுத்தது. தண்ணீரில் மூன்று மாநிலமும் ஆளுக்கு ஒரு வேலை: நெப்ராஸ்கா மெக்கானஹி ஏரியில் சூழலுக்கென்று தண்ணீர் ஒதுக்கி வைக்கும் ஒரு கணக்கு, வயோமிங் பாத்ஃபைண்டர் அணையில் இழந்த கொள்ளளவை மீட்பது, கொலராடோ டாமராக் என்ற இடத்தில் தண்ணீரை நிலத்தடிக்கு அனுப்பி, தேவையான நேரத்தில் ஆற்றுக்கு ஊறி வரவைப்பது. இலக்கு 10,000 ஏக்கர் வாழிடம், ஆற்றில் வருடத்துக்கு 1,30,000 முதல் 1,50,000 ஏக்கர்-அடி பற்றாக்குறையைக் குறைப்பது.

யாரிடம் எது இருக்கிறதோ அதைப் போடுவது. இப்படிச் செய்தால் ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கோடு பைசா பைசாவாக ஒப்பிட முடியாது. அது குறை என்று முதலில் நினைத்தேன். இப்போது அதுதான் பேச்சை முடித்துவைத்தது என்று தோன்றுகிறது.

வரப்போரம் எழுதியது:

என் விவசாயிக் கவலைக்குப் பதில் டெக்சாஸில் கிடைத்தது, சொல்லிவிடுகிறேன். கோமால், சான் மார்கோஸ் என்று இரண்டு ஆறுகள் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீரூற்றுகளிலிருந்து பிறக்கின்றன. ஊற்றில் ஒரு சிறு மீன், குருட்டுச் சாலமாண்டர், நீருக்குள் வளரும் ஒரு காட்டு அரிசி, எல்லாம் அழிவின் விளிம்பில். 1956 வறட்சியில் கோமால் ஊற்று வற்றியே போனது, அந்த மீன் அங்கே இல்லாமலும் போனது. 1970களில்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். 1991-இல் வழக்கு, 1993-இல் தீர்ப்பு, அதே வருடம் மாநிலச் சட்டம், நீர் ஆணையம்.

அங்கே பாசனத்துக்குக் கட்டணம் ஏக்கர்-அடிக்கு 2 டாலர், சட்டமே உச்சவரம்பு வைத்துவிட்டது. நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் 2010களில் 84 டாலர். நாற்பது மடங்குக்கு மேல். அது மட்டுமில்லை, விவசாயிக்குப் பணமும் கொடுக்கிறார்கள். வறட்சி வந்தால் இறைப்பதை நிறுத்துவேன் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டவருக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு தொகை, நிறுத்துகிற வருடத்தில் அதைப் போல இன்னும் சில மடங்கு. எப்போது நிறுத்துவது என்பதில் தகராறே கிடையாது: ஜே-17 என்ற ஒரு கிணறு, அக்டோபர் 1ஆம் தேதி அதன் நீர்மட்டம் 635 அடி அல்லது அதற்குக் கீழே என்றால் அடுத்த வருடம் நிறுத்தம். அக்டோபரிலேயே தெரிந்துவிடுவதால் விதையும் உரமும் வாங்கிக் கடன்பட்ட பிறகு கேட்கிற செய்தியாக அது இருக்காது. கிளாமத்தில் ஏப்ரலில் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

மீன்கொத்தி எழுதியது:

இதுவரை யார் கொடுப்பது என்றே பேசினோம். கொடுத்த பணம் மீனிடம் போய்ச் சேர்கிறதா?

கணக்குப்பிள்ளை சொன்ன கீழ்ப்படுகைத் திட்டத்தில் 8,132 ஏக்கர் வாழிடம் உருவாக்க வேண்டும். 5,940 ஏக்கர் காட்டன்வுட், வில்லோ மரக்காடு, 1,320 ஏக்கர் மெஸ்கீட் காடு, 512 ஏக்கர் சதுப்பு, 360 ஏக்கர் ஒதுங்கிய தேங்குநீர். பறவைகளுக்கு நல்லது, வில்லோ ஈப்பிடிப்பான் மாதிரிக் குருவிகளுக்கு மரம்தான் வீடு. மீனுக்கு? 50 வருடத்தில் 6,60,000 ரேசர்பேக், 6,20,000 போனிடெயில் பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடுவது. பழைய ஆறு திரும்பி வராது, அணைகள் அங்கேயே இருக்கும், வெளியூர் மீன்கள் குஞ்சுகளைத் தின்றுகொண்டே இருக்கும். போனிடெயில் இன்றும் பண்ணையை நம்பியே உயிரோடு இருக்கிறது.

நான் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏக்கரும் எண்ணிக்கையும் அளக்க எளிது, அதனால் பங்குக் கணக்கு அவற்றிலேயே நின்றுவிடுகிறது. குஞ்சு ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே பெரிதானதா என்பதை ஒப்பந்தத்தில் வைக்க எல்லோருக்கும் பயம். ஹம்ப்பேக் சப் 2021-இல் "அழிவின் விளிம்பு" பட்டியலிலிருந்து ஒரு படி இறங்கியது. அது ஆற்றிலேயே இனம் பெருக்கிய மீன். அதைப் பார்த்துதான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

மடைத்திறப்பு எழுதியது:

மீன்கொத்தி, நீங்கள் சொன்னதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். கன்னிசன் ஆற்றில் ரெட்லாண்ட்ஸ் தடுப்பணையில் 1996-இல் ஒரு மீன் ஏணி கட்டினார்கள். மீன் படிப்படியாக ஏறி மேலே ஒரு தொட்டியில் வந்து மாட்டும். நேராக ஆற்றுக்குப் போக முடியாது. ஆள் வந்து வலையால் அள்ளி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். வெளியூர் மீன்களான கெண்டையும் பாஸும் வெளியே. சொந்த மீன் என்றால் அளவுகோலில் கிடத்தி நீளம் பார்த்து, வயிற்றின் மேல் கருவியை நகர்த்துவார். உடம்புக்குள் அரிசி மணி அளவு ஒரு சில்லு இருந்தால் கருவி கூவும், எண் வரும். எந்த வருடம், எங்கே விட்ட மீன் என்று தெரியும். குறித்துக்கொண்டு மேலே ஆற்றில் விடுவார். ஒரு ரேசர்பேக் அவர் கையில் கிடந்ததைப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் கத்தி முதுகு போல எழுந்த மேடு, அடியில் மஞ்சள். வெள்ளத்தில் தரையோடு ஒட்டி நிற்க அந்த மேடு உதவும் என்று சொல்வார்கள்.

ஏணி கட்டிய செலவைப் பிரிப்பது சுலபம். அந்த ஆளின் சம்பளத்தை முப்பதாவது வருடத்தில் யார் கொடுப்பது? வாய்க்கால் வாயில் மீன் போகாமல் சல்லடை வைத்தார்கள். பாசியும் சருகும் அடைத்தால் தண்ணீர் ஏறாது, யாராவது சுத்தம் செய்ய வேண்டும். பங்கு பேசுகிற மேசையில் இந்த ஆண்டுச் செலவுக்கு யாரும் மணிக்கணக்கில் பேசுவதில்லை. திட்டம் உடைகிற இடம் இதுதான்.

மேல்படுகையில் ஆண்டுச் செலவின் பெரும்பகுதி நீர்மின் வருவாயை நம்பித்தான் திட்டமிடப்பட்டது. மழை இல்லாமல், கிளென் கேன்யன் அணை தேக்கும் பாவெல் ஏரி இறங்கினால் மின்சாரம் குறையும், வருவாய் குறையும். 2023 தொடக்கத்தில் ஏரி 3,520 அடிக்கும் கீழே போனது. 3,490-க்குக் கீழே போனால் டர்பைனே ஓடாது. மீனுக்கு உதவி அதிகம் தேவைப்படுகிற வறட்சியில்தான் உண்டியலும் காலியாகிறது. ஏரி இறங்கினதால் மேல்மட்ட வெதுவெதுப்பான தண்ணீரோடு ஸ்மால்மவுத் பாஸ் என்ற வேட்டை மீன் டர்பைன் வழியாகக் கீழே போனது, 2022-இல் அணைக்குக் கீழே குஞ்சுகளைக் கண்டுபிடித்தார்கள். கிராண்ட் கேன்யனில் இருக்கும் ஹம்ப்பேக் சப்பைக் காக்க 2024 கோடையில் ஆழத்துக் குளிர்ந்த தண்ணீரை டர்பைன் வழியாக விடாமல் தனிக் குழாய் வழியாக விட்டார்கள். அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க முடியாது. எந்த ஒப்பந்தத்திலும் "பங்கு" என்று எழுதாமல் மின்சாரம் வாங்குகிறவர் செலுத்திய பங்கு அது.

ஓடைக்கரை, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. கட்டுமானத்துக்கு எந்த அளவுகோலும் சரி, பேசி ஒத்துக்கொண்டால் போதும். ஆண்டுச் செலவுக்கு மட்டும் வறட்சியில் வற்றாத பணம் வேண்டும். எடுக்கும் ஒவ்வொரு ஏக்கர்-அடி மீதும், பழையவர் புதியவர் எல்லோருக்கும், சிறிய நிரந்தரக் கட்டணம். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்குத் திட்டத்தில் 1992 சட்டப்படி அப்படி ஒன்று இருக்கிறது: 1992 விலையில் பாசனத்துக்கு ஏக்கர்-அடிக்கு 6 டாலர் வரை, நகரத்துக்கு 12 வரை. பாசனத்துக்குப் பாதி. வரப்போரத்துக்கும் அது ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

வரப்போரம் எழுதியது:

நிரந்தரக் கட்டணம் எனக்குச் சம்மதம், ஒரு நிபந்தனையோடு. பணம் கட்டியவரிடம் அப்புறம் மீனைக் காட்டி மதகைப் பூட்டக் கூடாது. கட்டினால் பாதுகாப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கிளாமத்தில் கடைசியில் அணைகளை எடுக்க 45 கோடி டாலர் கிடைத்தது. 20 கோடி மின் வாடிக்கையாளர்களிடமிருந்து, 25 கோடி கலிபோர்னியா மாநிலக் கடன் பத்திரத்திலிருந்து. 2024-இல் நான்கு அணைகளும் போய்விட்டன, அந்த இலையுதிர் காலத்திலேயே சால்மன் மேலே ஏறியது. கேட்கவே மனம் குளிர்ந்தது. ஆனால் அதோடு சேர்த்துப் பேசிய பாசன ஒப்பந்தம் காங்கிரஸ் ஒப்புதல் இல்லாமல் 2015 கடைசியில் காலாவதியானது. மீனுக்கு வழி பிறந்தது, விவசாயி இன்னும் ஒவ்வொரு வசந்தத்திலும் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்.

மீன்கொத்தி எழுதியது:

வரப்போரம், பாதுகாப்பை ஒப்புக்கொள்கிறேன். மீன் தேறாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும் என்ற வரியும் கூடவே இருக்க வேண்டும். 15 மைல் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கிறது.

ஓடைக்கரை எழுதியது:

என் "எடுத்த அளவுக்குக் கொடு" கட்டுமானத்துக்கு நிற்கவில்லை, ஆண்டுச் செலவுக்கு ஓரளவு நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி, மடைத்திறப்பு அண்ணா. ஒப்பந்தம் இருக்கிறது, தண்ணீர் நீர்த்தேக்கத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் ஒரு வறண்ட வாரம், எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும். அந்த வாரம் யார் எவ்வளவு விடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

மடைத்திறப்பு எழுதியது:

தொலைபேசியில். கோடையில் வாரம் ஒரு முறை போல எல்லோரும் ஒரே அழைப்பில் சேருவார்கள்: மத்திய நீர்த்துறை, மாநில நீர்ப் பொறியாளர், மீன் துறை, வாய்க்கால்காரர்கள், கிழக்குப் பக்கத்து நகர நீர் வாரியங்கள், மேற்குப் பக்கத்து ஆற்று மாவட்டம்.

முதலில் ஒருவர் பாலிசேடுக்குக் கீழே உள்ள அளவியின் எண்ணை வாசிப்பார். அப்புறம் வானிலை. மழை வருமா, வெயில் ஏறுமா. அப்புறம் ஒவ்வொரு நீர்த்தேக்கத்திலும் மீன் கணக்கில் எவ்வளவு மிச்சம். வாய்க்கால்காரர் "அடுத்த வாரம் அறுப்பு, எங்களுக்குக் கொஞ்சம் குறைவாகப் போதும்" என்பார். அது ஆற்றுக்கு லாபம். மீன் துறைக்காரர் இன்னும் கொஞ்சம் கேட்பார். ரூடியிலிருந்து விடலாமா என்றால், அதற்குக் கீழே ஃப்ரையிங்பான் ஆற்றில் தூண்டில்காரர்கள் இறங்கி நிற்கிறார்கள், 250 கன அடியைத் தாண்டினால் கால் ஊன்ற முடியாது, அந்த ஊர்க்காரர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. சரி, அங்கிருந்து கொஞ்சம், கிரீன் மவுண்டனிலிருந்து கொஞ்சம், கிரான்பியிலிருந்து கொஞ்சம்.

திறந்த தண்ணீர் 15 மைலுக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும். அதனால் இன்றைக்குப் பேசுவது அடுத்த சில நாள் ஆற்றுக்கு. நான் கேட்டிருந்த ஒரு அழைப்பில் பேச்சு முடிந்ததும் யாரோ ஒருவர் "அடுத்த வாரம் இதே நேரம்" என்றார். எல்லோரும் போனை வைத்துவிட்டு மதகு திருப்பப் போனோம்.